புதன் 7க்குள்

எங்கள் கடைக்கு ரிப்பேருக்கு வரும் ரேடியோ ஒவ்வொன்றிலும் அப்பா ஒரு சீட்டு கட்டுவார். சிகரெட் அட்டையைக் கிழித்து, ஓட்டை போட்டு, நூல் கோத்து, வால்யூம் குமிழில் தொங்கவிடுவார். அதில் பெயர் இருக்காது. செட்டைப் பார்த்தாலே யாருடையது என்று அவருக்குத் தெரியும். என்ன கோளாறு, எப்போது வேண்டும், இந்த இரண்டு மட்டும்தான் எழுதியிருக்கும். ‘பேண்ட் ஸ்விட்ச். புதன் 7க்குள்.’ ‘ஸ்பீக்கர் கிழிசல். சனி ராத்திரி 9.’ ‘கரகரப்பு. நாளை விடியுமுன்.’

மும்பை தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் எங்கள் கடை. அப்பா அறுபதுகளில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஈயம் வைக்கப் பழகி, அப்புறம் இங்கே சொந்தமாக மேசை போட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பள்ளியை முடித்துவிட்டு அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். இன்றைக்கும் அதே இடம்தான். வேலை மட்டும் மாறிவிட்டது. மிக்ஸி, சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு, எல்இடி பல்பு என்று வருகிறது. ரேடியோ எப்போதாவது வரும். வந்தால் அன்றைக்கு மற்ற வேலைகளை ஓரமாக வைத்துவிடுவேன்.

அரசு வானொலியில் காலகாலமாக வந்துகொண்டிருந்த இசை நிகழ்ச்சிகள் ஏன் இப்படித் தேய்ந்துபோயின என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். டிவி வந்தது, தனியார் எஃப்எம் வந்தது, இப்போது யூடியூப். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குக் கண்முன்னால் தெரிந்தது அந்தச் சீட்டுகளில்தான். செட்டைக் கொடுக்கிறவர் கிழமையும் மணியும் சொல்வது எப்போது நின்றதோ, அப்போதுதான் நிகழ்ச்சி போனது. “எப்ப முடியுதோ அப்பக் கொடுங்க அண்ணாச்சி” என்று முதல்முதலாக ஒருவர் சொன்னபோது அப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை என்றால் பினாக்கா கீத்மாலா. ராத்திரி எட்டு மணிக்கு ரேடியோ சிலோனில். இந்தி சினிமாப் பாட்டுகளை வாரா வாரம் வரிசைப்படுத்திப் போடும், 1952 டிசம்பரில் ஆரம்பித்த நிகழ்ச்சி. அந்தக் காலத்தில் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாக இல்லாமலே போயிற்று. கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? மொத்தமாகச் சிலோன் பக்கம் திரும்பிவிட்டார்கள். கீத்மாலாவை நடத்திய அமீன் சயானி மும்பையில் உட்கார்ந்து பேசுவார். பதிவான டேப் விமானத்தில் கொழும்புக்குப் போகும். அங்கே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைகளுக்காக அமைத்த ஒலிபரப்பு வசதி இருந்தது. அங்கிருந்து ஷார்ட்வேவில் கிளம்பி, வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, எங்கள் சந்துக்கு வந்து சேரும். பக்கத்திலேயே பேசியவரின் குரல் அவ்வளவு தூரம் சுற்றிவிட்டு வருகிறது என்று அப்பா எனக்கு விளக்கியபோது, இந்தத் தொழிலைவிட்டு வேறெங்கும் போகக்கூடாது என்று தோன்றியது.

செகண்ட் ஹேண்ட் செட் வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் “சிலோன் எடுக்குமா?” என்றுதான் கேட்பார்கள். அப்பா 25 மீட்டர் பேண்டில் வைத்துக் காட்டுவார். அதனால் செவ்வாய்க்கிழமை எங்களுக்குப் பெரிய வேலை நாள். “எலேய், அந்த மர்பியை முதல்ல எடு. நாளைக்குப் புதன்” என்பார். மர்பி, புஷ், ஃபிலிப்ஸ், நெல்கோ எல்லாம் வரும். மர்பி இங்கே தானேவில் தயாரானது என்பதால் அப்பாவுக்கு அதன் மேல் தனிப் பிரியம். ஷார்ட்வேவ் காயிலையும் டிரிம்மரையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வைத்தால் கையை எடுத்ததும் நிலையம் நகர்ந்துவிடும். மூங்கில் குச்சியைச் சீவி முனை தட்டையாக்கி வைத்திருப்பார், அதுதான் அவருடைய ஆயுதம். அந்தக் குச்சி இன்னும் என் டிராயரில் இருக்கிறது.

தோல் பதனிடும் பட்டறைகளில் வேலை பார்த்த நம்மூர் ஆட்கள் புதன் ராத்திரி கடை வாசலில் வந்து குந்திவிடுவார்கள். ஷார்ட்வேவ் அலை ஏறும், இறங்கும். அந்த வாரத்தின் முதல் பாட்டு எது என்று சொல்லப்போகும் நேரம் பார்த்து இறங்கிவிட்டால் எல்லோரும் செட்டை நோக்கிச் சாய்வார்கள். “பெஹனோ அவுர் பாயியோ” என்று பெண்களை முதலில் கூப்பிடும் அந்தக் குரலில் இந்தி கற்றுக்கொண்டவர்கள் தாராவியில் எத்தனையோ பேர். என் அப்பாவும் அதில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் நாலாவது தாண்டாத மனிதர், உருது கலந்த நல்ல இந்தி பேசுவார். பாட்டுக்கு நடுவில் பேசியது கேட்டே வந்த பேச்சு அது. கீத்மாலா 1989ல் ஆல் இந்தியா ரேடியோவின் விவித் பாரதிக்கு வந்தது, தொண்ணூறுகளின் நடுவில் நின்றது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில் இதே மும்பையில் காலமானார். அன்றைக்குக் கடைக்கு வந்த ஒரு பழைய பட்டறைத் தொழிலாளி வேறெதுவும் பேசாமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைச் சீட்டுகள் பெரும்பாலும் மாட்டுங்காவிலிருந்து வருபவை. ராத்திரி 9.30க்கு ஆல் இந்தியா ரேடியோவின் தேசிய இசை நிகழ்ச்சி. 1952 ஜூலையில் தொடங்கியது. ஒன்றரை மணி நேரக் கச்சேரி, நாடு முழுக்க ஒரே நேரத்தில். இந்துஸ்தானியும் வரும், கர்நாடக சங்கீதமும் வரும். சண்முகானந்தா ஹாலில் டிக்கெட் வாங்கிக் கேட்க வசதியுள்ளவர்களும் கேட்டார்கள், இல்லாதவர்களும் கேட்டார்கள். சினிமாப் பாட்டை ஒதுக்கிய அதே கேஸ்கர் காலத்தில் வந்த நிகழ்ச்சிதான் இது. அவர் செய்ததில் ஒன்றைக் குறை சொன்னால் இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஒரு மாமாவுக்கு வால்வ் செட். அதைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் நானும் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவோம். வால்வ் சூடேற நேரம் எடுக்கும் என்பதால் கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போட்டு வைத்துவிடுவார். மடியில் ஒரு நீள நோட்டு. அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல எழுதுவார். தேதி, பாடுகிறவர், பக்கவாத்தியம், ராகம், தாளம், இயற்றியவர் என்று கோடு போட்ட கட்டங்கள். அறிவிப்பாளர் ராகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் இவராக ஊகித்துப் பென்சிலில் எழுதுவார். சொன்னபின் பேனாவில் எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால் ஒரு டிக். அவர் போனபிறகு மகள் செட்டை விற்க எடுத்து வந்தபோது நோட்டுகளையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். புரட்டிப் பார்த்தேன். ஆரம்ப வருஷங்களில் பக்கம் பக்கமாக டிக். பின்னால் வர வர ‘பழைய பதிவு’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். கடைசி நோட்டில் சில சனிக்கிழமைகளுக்குத் தேதி மட்டும் இருக்கிறது, கட்டம் காலி. ‘நேரம் மாறியிருக்கிறது போல’ என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நேரம் மாறுவது என்றால் சின்ன விஷயம்போலத் தோன்றும். அரை மணி தள்ளி வைக்கிறார்கள், அவ்வளவுதானே? ஆனால் ரேடியோ கேட்பவர் நிகழ்ச்சியை வைத்திருந்ததே நேரத்தில்தான். கைக்குப் பிடித்துப் பார்க்க அட்டை இல்லை, படம் இல்லை. சனி ஒன்பதரை என்பதுதான் அதற்கு முகவரி. முகவரியை மாற்றிவிட்டு ஆள் வரவில்லை, ஆகவே ரசிகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று கணக்குக் காட்டினால் அது நியாயமில்லை.

விவித் பாரதிக்குக் கிழமை கிடையாது, அது தினப்படி. கேட்பவர்கள் சிலோனுக்குப் போய்விட்டதைப் பார்த்து அரசே இறங்கிவந்து 1957 அக்டோபர் 3ஆம் தேதி ஆரம்பித்த ஒலிபரப்பு. பொறுப்பேற்றவர் கவிஞர் நரேந்திர சர்மா. முதல் பாட்டை அவரே எழுதினார், அனில் பிஸ்வாஸ் இசையமைக்க மன்னா டே பாடினார். 1967ல் மும்பை, புனே, நாக்பூரில் விளம்பரம் சேர்ந்தது. இப்போதும் இங்கே போரிவலியிலிருந்துதான் வருகிறது. நாடு முழுவதும் கேட்கிற ஒரு விஷயம் நம் புறநகர் ரயில் போகிற ஊரிலிருந்து கிளம்புகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

காலையில் ‘பூலே பிஸ்ரே கீத்’. எல்லோரும் மறந்துவிட்ட பழைய பாட்டுகள். ஏழரைக்கு ‘சங்கீத் சரிதா’. ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு, அதன் நடையைச் சொல்லி, சாஸ்திரியமாக ஒருவர் பாடியதையும் அதே ராகத்தில் வந்த சினிமாப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். கால் மணி நேரம்தான். நாங்கள் சங்கீதம் கற்றுக்கொண்ட குடும்பம் இல்லை. யமன் என்று அவர்கள் சொல்வது நம் கல்யாணி, மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், பூபாலி நம் மோகனம் என்று எனக்கு விளங்கியது மாட்டுங்கா மாமாவும் இந்த நிகழ்ச்சியும் சேர்ந்து கொடுத்தது. ஈயம் வைக்கும்போது கை நிதானமாக இருக்க வேண்டும், அதற்கு அந்தக் கால் மணி நேரம் பொருத்தமாக இருக்கும். ராணுவ வீரர்களுக்கு ‘ஜெய்மாலா’ ராத்திரி ஏழு மணி வாக்கில் வரும், பத்து மணிக்கு ‘சாயா கீத்’. இதில் அறிவிப்பாளர் தானே ஒரு விஷயத்தை எடுத்து, அதற்கேற்ற பாட்டுகளைத் தானே தேர்ந்து, தான் எழுதியதைத் தன் குரலில் வாசிப்பார். நேயர் விருப்பத்தில் வாசிக்கும் ஊர்ப் பெயர்களில் ஜும்ரி தலையா என்று ஒன்று ஓயாமல் வரும். அப்படி ஒரு ஊரே கிடையாது, ரேடியோக்காரர்கள் கட்டிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். இன்றைய ஜார்க்கண்டில், கோடர்மா பக்கத்தில் நிஜமாகவே இருக்கிற ஊர். அங்கே அஞ்சலட்டை எழுதுவதில் போட்டியே நடந்தது.

பாட்டுதான் வேண்டுமென்றால் இன்றைக்கு எல்லாம் போனில் கிடைக்கிறது, இதற்கு ஏன் வருத்தப்பட வேண்டும் என்று என் மகன் கேட்கிறான். நியாயமான கேள்வி. நல்ல பிள்ளை, அவனே எனக்குப் பழைய பாட்டெல்லாம் தேடி எடுத்துக் கொடுப்பான். அவனுக்கு நான் சொல்வது இது: நீ தேடியது உனக்குக் கிடைக்கும். தேடத் தெரியாதது எப்படிக் கிடைக்கும்? எனக்குப் பன்னாலால் கோஷின் புல்லாங்குழல் தெரியவந்தது நான் தேடியதால் இல்லை. யாரோ ஒரு அறிவிப்பாளர் ஒரு ராத்திரி போட்டார், என் கை வேலையில் இருந்ததால் குமிழைத் திருப்பவில்லை. அவர் போட்டுவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. யார் வாசித்தது, என்ன ராகம் என்று சொன்னார். இன்றைக்குக் கடைக்கு எதிரே நாளெல்லாம் பாட்டு ஓடுகிறது. இசையமைத்தவர் பெயரையோ எழுதியவர் பெயரையோ சொல்கிற குரல் ஒன்றுகூட இல்லை. வைரமுத்துவோ சாஹிர் லூதியான்வியோ, எழுதியவன் பெயரைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவது அரசு வானொலி அந்தக் காலத்தில் கற்றுக்கொடுத்த மரியாதை.

அந்தக் குரல்கள் குறைந்ததற்குக் காரணம் ரசனை மாறியது மட்டும் இல்லை. நிரந்தர அறிவிப்பாளர்களுக்கும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கும் வயதாகி ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்களுக்கு ஆள் எடுப்பது பல்லாண்டுகளாகவே அநேகமாக இல்லை. மாதத்துக்கு ஒரு சில டியூட்டி மட்டும் கிடைக்கிற தற்காலிக அறிவிப்பாளர்கள்தான் நாடு முழுக்க நிலையங்களை ஓட்டுகிறார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டமும் நடத்திப் பார்த்தார்கள். மாதத்தில் சில நாள் மட்டும் வந்துபோகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், ஒரு நிகழ்ச்சியை இருபது வருஷம் கையில் வைத்து வளர்க்க முடியுமா? அப்புறம், சிறிய ஊர் நிலையங்கள் தங்கள் சொந்த நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டு தலைநகர் நிலையத்தின் ஒலிபரப்பை வாங்கி அஞ்சல் செய்வது அதிகமாகிவிட்டது. உள்ளூர் நாகஸ்வரக்காரருக்கும் வில்லுப்பாட்டுக்காரருக்கும் மாதம் ஒரு வாய்ப்பு கிடைத்துக்கொண்டிருந்தது இந்த நிலையங்களில்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு காதில் விழுகிறது.

தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். பழைய செட்டைத் தூக்கிக்கொண்டு வயதானவர்கள் வருவார்கள். “என்னன்னு தெரியல, ஒரே இரைச்சலா இருக்கு. பாட்டே கேக்கல” என்பார்கள். திறந்து பார்த்தால் செட்டில் ஒரு குறையும் இருக்காது. குறை அவர்கள் வீட்டில் இருக்கிறது. எல்இடி பல்புக்குள் இருக்கிற டிரைவர், மொபைல் சார்ஜர், டிவி செட்டாப் பெட்டியின் அடாப்டர் எல்லாம் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. அந்த வெட்டு மீடியம் வேவில் இரைச்சலாக விழும். மலிவான சார்ஜரில் அதைத் தடுக்கும் ஃபில்டரே வைப்பதில்லை. கடையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செட்டுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் குச்சி நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக வரும்படி திருப்பி வைத்தால் கணீரென்று பாடும். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். வீட்டுக்குப் போனால் மறுபடி இரைச்சல். விவித் பாரதி இங்கே எஃப்எம்மில் 102.8ல் தெளிவாக வருகிறது, ஆனால் அந்தச் செட்டில் எஃப்எம் பேண்டே கிடையாது. பலர் தங்கள் காதுதான் போய்விட்டது என்று நினைத்து ரேடியோவையே நிறுத்திவிட்டார்கள். தம்முடைய குறை என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டவர்களை எந்த நேயர் கணக்கெடுப்பில் சேர்ப்பது?

இட்லி அண்ணாச்சி ஒருவர். தாராவியிலிருந்து விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மும்பை முழுக்கப் போகிறவர்களை இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஊர் தூங்கும்போது அவர்கள் வீட்டில் வேலை நடக்கும். மாவு, அடுப்பு, சட்னி. அந்த நேரத்தில் அவருக்குத் துணை நாக்பூரிலிருந்து வந்த தேசிய சேனல். 1988ல் ஆரம்பித்தது. ஆயிரம் கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், மீடியம் வேவில் 1566 கிலோஹெர்ட்ஸ். சாயங்காலம் தொடங்கி விடியும்வரை வரும். பாட்டு, கஜல், சாஸ்திரிய சங்கீதம், மணிக்கொரு செய்தி. ராத்திரியில் மீடியம் வேவ் தூரம் போகும் என்பதால் இங்கே நன்றாகவே கேட்கும். அவர் டயலில் அந்த இடத்தில் மனைவியின் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். டயல் நூல் தளர்ந்து முள் நகர்ந்துவிட்டால் என்னிடம் எடுத்து வருவார். நூலை மாற்றி, முள்ளைச் சரியாகப் புள்ளியில் நிறுத்திக் கொடுக்க வேண்டும். “புள்ளி தப்பிரக்கூடாது அண்ணாச்சி” என்பார். எங்களுக்குள் இருவருமே அண்ணாச்சிதான்.

2018 டிசம்பர் கடைசியில் உத்தரவு போட்டு அந்தச் சேனலை மூடினார்கள். உடனடியாக அமலுக்கு வந்தது. அதே உத்தரவில் அகமதாபாத், ஹைதராபாத், லக்னோ, ஷில்லாங், திருவனந்தபுரம் பயிற்சி மையங்களும் போயின. செலவைக் குறைக்க என்று சொன்னார்கள். 2019 ஜனவரியில் அண்ணாச்சி செட்டோடு வந்தார். முள் புள்ளியில்தான் நின்றது. நூல் புதுசு. செட்டில் ஒன்றுமில்லை என்று நான் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என் கடை செட்டிலும் அதே இடத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். “சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா” என்றார்.

செலவு எனக்குப் புரியாத விஷயம் இல்லை. ஆயிரம் கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை ராத்திரி முழுக்க ஓட்டினால் கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று மனக்கணக்கிலேயே சொல்ல முடியும். பழைய டிரான்ஸ்மிட்டருக்கு உதிரி பாகம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும். மீடியம் வேவ் ஒருநாள் ஓயத்தான் போகிறது. நிகழ்ச்சியும் கூடவே ஓய வேண்டும் என்று என்ன இருக்கிறது? அதே நிகழ்ச்சியை அதே பெயரில், அதே நேரத்தில் எஃப்எம்முக்குக் கொண்டு வந்து, முந்தைய ஒரு மாதம் தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் அண்ணாச்சியைப் போன்றவர்கள் புது ரேடியோ வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். ஐநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போட்டால் எஃப்எம் பெட்டி கிடைக்கிறது. வருஷா வருஷம் தபால் ஆபீசில் வரிசையில் நின்று பணம் கட்டி, ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிக் கேட்ட தலைமுறை அவர்களுடையது. லைசென்ஸ் முறையை எண்பதுகளில்தான் எடுத்தார்கள். அப்படிக் கேட்டவர்களிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வது கடமை.

இப்போது செயலி இருக்கிறது. நாட்டின் 200க்கும் மேற்பட்ட அரசு நிலையங்களை அதில் கேட்கலாம். மிக நல்ல காரியம், நானும் அதில் திருநெல்வேலி நிலையம் கேட்கிறேன். சாஸ்திரிய சங்கீதத்துக்கு மட்டுமென்று 2016 குடியரசு தினத்தில் தொடங்கிய ‘ராகம்’ சேனலையும் அதில்தான் கேட்கிறேன். பெங்களூரிலிருந்து வருகிறது. கர்நாடக சங்கீதப் பிரியர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் எழுபத்தைந்து வயது மாமி ஒருத்தி அத்தனை நிலையங்கள் அடங்கிய பட்டியலை விரலால் தள்ளித் தள்ளி ஒன்றைக் கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ரேடியோவில் குமிழ் ஒன்று, திருப்பினால் சத்தம். இப்போது வரும் போன்களில் பலவற்றில் எஃப்எம் ரேடியோவே இல்லை. 2023ல் மத்திய அரசே போன் கம்பெனிகளுக்கு எஃப்எம் வசதியை எடுக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. அதே வருஷம்தான் ஆல் இந்தியா ரேடியோ என்று சொல்லாமல் ஆகாசவாணி என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்றும் ஆனது. பெயர் எதுவானாலும் எனக்குச் சரிதான். உள்ளே என்ன ஒலிக்கிறது என்பதுதான் என் கவலை.

ஆகாசவாணியின் அந்தத் தொடக்க இசை எல்லோருக்கும் நினைவிருக்கும், தம்புராவின் மேல் வயலின் வரும். 1930களில் ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி மும்பைக்கு வந்த யூத இசைக்கலைஞர் வால்டர் காஃப்மன் போட்டது. இதே மும்பை நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவில் வேலை பார்த்தவர். நிலையம் விடியலில் திறக்கும்போது ஒலிப்பதற்காக அமைந்த இசை அது. நாள் முழுக்க ஓடுகிற சேனலுக்குத் திறப்பும் இல்லை, மூடலும் இல்லை. நல்ல வசதிதான், ஆனாலும் அதோடு நாளின் ஓர் ஒழுங்கும் போய்விட்டது. காலை என்றால் இன்ன குரல், மதியம் என்றால் இன்ன குரல் என்று இருந்தது இப்போது எந்நேரமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

இன்னும் இருப்பவற்றைக் காப்பாற்ற நமக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது என்று நம்புகிறேன். விவித் பாரதி இருக்கிறது. கேட்டுவிட்டு எழுதுங்கள். பிடித்த நிகழ்ச்சியின் பெயர், கிழமை, மணி போட்டு, அறிவிப்பாளர் பெயர் தெரிந்தால் அதையும் போட்டு நிலையத்துக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மேலே காட்டுவதற்கு உள்ளே இருப்பவர்களுக்கும் அது தேவைப்படும்.

இன்னொன்று உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அன்றாட நிகழ்ச்சிகள் முழுசாக எங்கும் பாதுகாக்கப்படவில்லை. கச்சேரிகளில் ஒரு பகுதி ஆவணக் காப்பகத்தில் உண்டு. சாதாரண ஒரு புதன்கிழமை நிகழ்ச்சியோ நேயர் விருப்பமோ யார் வைத்திருப்பார்கள்? டூ-இன்-ஒன் வாங்கிய குஷியில் நீங்களோ உங்கள் அப்பாவோ பதிவு செய்த கேசட்டில்தான் அது இருக்கும். அதைக் கணினியில் ஏற்றும்போது பேச்சையெல்லாம் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். பாட்டு வேறெங்காவது கிடைத்துவிடும். அந்த அறிவிப்பு, நேரம் சொன்னது, நடுவில் வந்த பல்பொடி விளம்பரம், கடிதம் வாசித்தது எல்லாம் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. தேதி தெரிந்தால் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். தெரியாவிட்டால் எந்த ஊரில் பதிவு செய்தது என்றாவது எழுதுங்கள்.

என் கடையில் ஒரு கேசட் டெக் ஒழுங்காக ஓடுகிறது. ஹெட் சுத்தம் செய்து, வேகம் சரிபார்த்து வைத்திருக்கிறேன். மும்பையில் இருப்பவர்கள் எடுத்து வந்தால் பணம் வாங்காமல் ஏற்றிக் கொடுப்பேன். கீத்மாலா, தேசிய இசை நிகழ்ச்சி, நாக்பூர் ராத்திரி ஒலிபரப்பு, எது இருந்தாலும் சரி. ரொம்ப நாள் சுற்றாமல் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பூஞ்சையும் பிடித்திருக்கும். பிளேயரில் போட்டு ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள், அறுந்துவிடும். கையால் இழுக்கவும் வேண்டாம். வெயிலில் வைக்காமல், அப்படியே ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.